கதவருகே நின்றது நான்தான்: ஒரு திகில் படத்தின் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் திறந்த மடல்

இயக்குநர் அவர்களுக்கும் தயாரிப்பாளர் அவர்களுக்கும்,

உங்கள் படத்தின் இரண்டாம் பாகம் தயாராகிறது என்ற அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் பாகத்தைப் பொறுத்துக்கொண்டேன். படம்தானே, வந்தது போல் போய்விடும் என்று இருந்துவிட்டேன். இப்போது சுவரொட்டியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். கையில் ஊசி. கீழே, அவள் மறுபடியும் உங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று ஒரு வரி. அந்த 'அவள்' செய்கிற வேலையைத்தான் நான் பதினொரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். வீட்டோடு தங்கி, முதியவர்களையும் படுத்த படுக்கையாகிவிட்டவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை. இதுவரை ஆறு வீடுகள். நான்கு பேருக்குக் கடைசி மூச்சின்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

படத்தைப் பார்க்காமலே பேசுகிறாள் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை, நான் பார்த்துக்கொள்ளும் அம்மா தூங்கிய பிறகு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு கைபேசியில் பார்த்தேன். இன்னொரு காது அவருக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நடுவில் டயப்பர், இருமல், ஒரு வாய் தண்ணீர். ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தை முடிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. உங்கள் வில்லி ஒரே இரவில் இரண்டு கொலை செய்துவிட்டு, மாடிப்படியில் நின்று சிரிக்கவும் நேரம் கண்டுபிடிக்கிறாள். அவளுடைய நோயாளி நான்கு நாள் ஒரே பக்கமாகக் கிடக்கிறார். முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. பொறாமையாக இருந்தது.

குறைந்த செலவில் படம் எடுப்பவர்களுக்கு எங்கள் தொழில்மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரே வீடு. நான்கைந்து நடிகர்கள். பெரும்பாலும் இரவு. கூட்டம் காட்ட வேண்டாம், கார் உருள வேண்டாம். கொலையாளி எப்படி உள்ளே நுழைந்தார் என்று கதாசிரியர் மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறாள், சாவியும் மாத்திரையும் அவள் கையில்தான். எதிரில் இருப்பவரால் ஓட முடியாது, சில சமயம் பேசவும் முடியாது. பயத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் செலவில்லாமல் கிடைத்துவிடுகின்றன. 1990இல் வந்த 'மிசரி'யில் முன்னாள் நர்ஸாக நடித்த கேத்தி பேட்ஸுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு கதாசிரியர்மேல் வெறி இருந்தது, அவளுக்கென்று ஒரு பைத்தியம் இருந்தது. உங்கள் படத்தில் அந்தப் பெண்ணை யாரும் ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். 'வேலைக்காரி' என்று இருந்தது. அவள் ஏன் கொல்கிறாள் என்பதற்கும் படத்தில் பதில் இல்லை. அவள் அந்த வேலையில் இருக்கிறாள், அது போதும் என்று விட்டுவிட்டீர்கள்.

என்னை எழுதத் தூண்டியது கொலைக் காட்சிகள் அல்ல. கொலைகளை யாரும் நம்பப் போவதில்லை. கொலைகளுக்கு முன்னால், அவள்மேல் சந்தேகம் வரவேண்டும் என்பதற்காக நீங்கள் அடுக்கிய சின்னச் சின்னக் காட்சிகள்தான். அவற்றை ஒரு தாளில் குறித்து வைத்தேன். குறித்து முடித்துப் பார்த்தால் அது என் வேலைப் பட்டியல்.

படுக்கையறைக் கதவருகே அவள் அசையாமல் நிற்கிறாள். இருட்டு. தூங்கும் கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயலின் கீச்சிடுகிறது. நான் தினமும் அப்படித்தான் நிற்கிறேன். மூச்சை எண்ணுகிறேன். போர்வைக்கு மேல் மார்பு ஏறி இறங்குவது தெரியாவிட்டால் கழுத்துக் குழியைப் பார்க்க வேண்டும்; அங்கே தோல் லேசாக அசையும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண ஒரு நிமிடம் முழுக்க நின்றாக வேண்டும். சிலருக்குக் கடைசி நாட்களில் மூச்சு நின்று நின்று வரும். பத்து விநாடி, பதினைந்து விநாடி ஒன்றுமே இருக்காது. பிறகு பெரிதாக ஒன்று இழுக்கும். அந்தப் பதினைந்து விநாடிக்கு உங்கள் வயலின் போதாது.

அவள் ஓசைப்படாமல் நடக்கிறாள். ஆமாம். இரவு இரண்டு மணிக்கு ஒருவரைத் தூங்கவைக்கப் பாடுபட்டவர் யாரும் செருப்புச் சத்தம் கேட்க நடக்க மாட்டார்கள். அவள் மாத்திரைகளைப் பூட்டி வைக்கிறாள். காலையில் விழுங்கியது மறந்துபோய்ப் பத்து மணிக்கு மறுபடி விழுங்கக்கூடிய ஒருவர் இருக்கும் வீட்டில், மாத்திரைப் பெட்டியை மேசைமேல் திறந்து வைப்பதுதான் குற்றம். அவள் வாசல் கதவைப் பூட்டுகிறாள். மறதி நோய் முற்றியவர்களுக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு தவிப்பு வரும்; வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள், அவர்கள் இருப்பதே அவர்களுடைய வீட்டில்தான். இருட்டில் வெளியே இறங்கிவிட்டால் திரும்பி வரத் தெரியாது. பூட்டுவது எனக்கும் பிடிக்காத காரியம்தான். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளாமல், விரலில் கோத்துக்கொண்டு தூங்கிய காலமும் உண்டு.

அவள் தொலைபேசியை எடுத்து ஒளித்து வைக்கிறாள். இந்த இடத்தில் எனக்கு வேறு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு பெரியவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, இறந்துபோன தம்பியின் எண்ணுக்கு அழைப்பார். அந்த எண் அதற்குள் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வேறு யாரோ, நல்ல மனிதர், இரண்டு மாதம் தூக்கக் கலக்கத்தோடு 'சொல்லுங்க அண்ணா' என்று பேசினார். அவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று பெரியவரின் மகனிடம் சொல்லிவிட்டுத்தான் இரவில் தொலைபேசியை எடுத்து வைக்கத் தொடங்கினேன். அதன் பிறகு மூன்று மணிக்குத் தம்பியாகப் பேசுவது என் பொறுப்பாயிற்று.

ஒரே ஒரு காட்சி மட்டும் என்னைக் குத்தியது. அதையும் மறைக்க மாட்டேன். வந்திருக்கும் டாக்டர் நோயாளியிடம் கேள்வி கேட்கிறார், நோயாளி வாயெடுப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுகிறாள். நாங்கள் அப்படிச் செய்கிறோம். பக்கவாதம் வந்தவர் ஒரு சொல்லுக்காகத் தடவிக்கொண்டிருக்கும்போது, பரிதாபத்தில் நாமே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நாளடைவில் அவர் தேடுவதையே நிறுத்திவிடுகிறார். உங்கள் படம் பார்த்த பிறகு நான் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகுகிறேன். போர்வையின் மூலையை மடித்துச் செருகும் அந்த நடிகையின் கையும் சரியாக இருந்தது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடமே மற்றதையும் கேட்டிருக்கலாம்.

இனி, படம் வெளியான பிறகு நான் இருக்கும் வீட்டில் நடந்தவை. யார் வீடு, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர்.

அம்மாவின் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கூடத்தில் உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்த்தார்கள். நான் அறைக்குள் இருந்தேன். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒருமுறை அம்மாவுக்குச் சூடுநீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கூடத்தைக் கடக்கும்போது சின்னப் பேத்தி கால்களைச் சோபாவின்மேல் இழுத்துக்கொண்டாள். ஒன்பது வயது. ஒன்றரை ஆண்டாக என்னிடம் தலை பின்னிக்கொள்கிற குழந்தை. மறுநாள் காலை அவளே பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வகிடு கோணலாக இருந்தது.

அந்த வாரமே மாத்திரைகளை மகள் எண்ணத் தொடங்கினார். எண்ணுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; நானே எத்தனையோ முறை, வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து எண்ணிக் குறித்து வைக்கலாம் என்று சொன்னவள்தான். ஆனால் அவர் நான் குளிக்கும்போது எண்ணினார். அடுத்து, அறைக்கு ஒரு புதிய மேசைக் கடிகாரம் வந்தது. அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாமல் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடிகாரமும் அம்மாவின் கட்டிலைப் பார்த்து வைக்கப்படவில்லை. என் கட்டிலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டின் எண்ணுக்குக் கீழே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கண்ணாடிப் புள்ளி. அந்த அறைதான் நான் தூங்கும் அறை, உடை மாற்றும் அறை. கடிகாரம் வந்து எத்தனை நாள் கழித்து நான் அதைக் கவனித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் கட்டிலுக்கு மேல், எனக்கும் தெரிய, எந்த நேரத்தில் ஓடும், யார் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு வைத்தால் அது எனக்கும் பாதுகாப்பு. என்மேல் பழி வரும் நாளில் எனக்குச் சாட்சி அதுதான்.

பழி வந்தது. அம்மாவின் மோதிரத்தைக் காணவில்லை. 'இவள்தான் எடுத்தாள், நான் பார்த்தேன்' என்று அம்மா என்னைக் கைகாட்டினார். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது: பணப்பை, மூக்குக் கண்ணாடி, ஒருமுறை பல்செட். அப்போதெல்லாம் மகள் சிரித்துக்கொண்டே, 'வாங்க அக்கா, தேடலாம்' என்பார். இருவரும் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடுவோம். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பையைப் பார்த்தார். நானே எடுத்துவந்து கட்டில்மேல் கொட்டிக் காட்டினேன். இரண்டு மாற்றுடை, என் மாத்திரை, என் அப்பாவின் புகைப்படம், ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு மலம் போன நாட்களும் காய்ச்சல் அளவும்தான் அதில் இருந்தன. மூன்றாம் நாள் மோதிரம் கண்ணாடிக் கூட்டுக்குள் கிடைத்தது. கிடைத்துவிட்டது என்று மகள் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.

உங்கள் படத்தில் இதே காட்சி இருக்கிறது. கிழவி, 'இவள் திருடி' என்கிறாள். யாரும் நம்பவில்லை. கடைசியில் கிழவி சொன்னதுதான் உண்மை என்று ஆகிறது. திரையரங்கில் இருப்பவர்களுக்கு அது திருப்பம். எங்களுக்கு அது அன்றாடம் வரும் நோய்க்குறி. மறதி நோயில், தான் வைத்த பொருளை மறந்துவிட்டு, யாரோ திருடிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவது மிகச் சாதாரணம். மனம் ஓட்டையைக் கதையால் அடைத்துக்கொள்கிறது. அருகில் இருப்பவர் திருடராகிவிடுகிறார். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 1923இல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் விவரித்தது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கணவரோ மகளோ எதிரில் நிற்பார்; முகம் தெரியும், ஆனால் 'இது என் மகள் இல்லை, அவளைப் போலவே வேடம் போட்ட வேறொருத்தி' என்று நோயாளி அலறுவார். சில மறதி நோயாளிகளுக்கு இது வருகிறது. நான் பார்த்த ஒரு பாட்டி, நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய கணவரை அறைக்குள் விடமாட்டார். அவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டி தூங்கிய பிறகு உள்ளே வந்து காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

நீங்கள் அவரைப் பற்றி எடுத்திருக்கலாம். அதே ஒற்றை வீடு, அதே நான்கு நடிகர்கள், அதே இருட்டு. ஒரு பைசா கூடுதலாகச் செலவாகியிருக்காது.

அடுத்து, 'உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்' என்று தொடக்கத்தில் நீங்கள் போட்ட அட்டை. எந்தச் சம்பவம்? யாருக்கு நடந்தது? கடைசி எழுத்து மறையும் வரை பார்த்தேன், ஒரு விவரமும் இல்லை. கவனித்துக்கொள்ள வேண்டியவர்களே கொன்ற உண்மைக் கதைகள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தில் ஹரால்டு ஷிப்மன் 15 நோயாளிகளைக் கொன்றதற்காக 2000இல் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை, அவரால் இறந்தவர்கள் என்று 215 பேரை அடையாளம் கண்டது. ஜெர்மனியில் நீல்ஸ் ஹோகல் 85 கொலைகளுக்காக 2019இல் ஆயுள் தண்டனை பெற்றார். முதலாமவர் ஊரே மதித்த குடும்ப டாக்டர். இரண்டாமவர் மருத்துவமனை நர்ஸ்; அவர்மேல் சந்தேகம் வந்தபோது, நற்சான்றிதழ் கொடுத்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்கள். பட்டமும் பதவியும் நற்சான்றிதழும் இருந்ததால் யாரும் கேள்வி கேட்காத கதைகள் இவை. இறப்புகளை யாராவது ஒழுங்காகக் கூட்டிப் பார்த்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கக்கூடியவை. திகில் வேண்டுமானால் அந்தப் பதிவேடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மாதச் சம்பளத்துக்கு அடுத்தவர் வீட்டு மூலையில் கட்டில் போட்டுத் தூங்கும் பெண்ணிடம் வந்து ஊசியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

வீடுகளில் முதியவர்கள் கொடுமைக்கு ஆளாவது உண்மை. 60 வயதைக் கடந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமையை அனுபவிக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குடும்பத்துக்குள் நடப்பதைச் செய்பவர்கள் பல நேரம் பிள்ளைகளும் துணைவர்களும்தான். கூலிக்கு வந்தவர்களும் செய்கிறார்கள். ஒரு வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குளிப்பாட்டும்போது பெரியம்மாவின் மேல்கையில் நான்கு நீலப் புள்ளிகளும், மறுபக்கம் ஒரு புள்ளியும் பார்த்தேன். ஐந்து விரல்கள். எனக்கு முன்னால் இருந்தவளுடையவை. உடனே மகனிடம் காட்டினேன். உங்கள் படத்தில் வரும் கொடுமை அப்படி இருப்பதில்லை. ஊசி, விஷம், மாடிப்படி என்று போகிறது. நிஜக் கொடுமைக்குப் பின்னணி இசை கிடையாது. நனைந்த டயப்பரை விடியும்வரை விட்டுவைப்பது. மெல்ல மெல்ல மென்று விழுங்குபவரின் வாயில் அவசரமாக அடுத்த கரண்டியைத் திணிப்பது. கூப்பிடும் மணியைக் கைக்கு எட்டாத தூரத்தில் நகர்த்தி வைப்பது. கட்டிலோடு கையைத் துணியால் கட்டுவது. இதையெல்லாம் நீங்கள் காட்டியிருந்தால் குடும்பங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்றாவது தெரிந்துகொண்டிருக்கும். இப்போது அவர்கள் நான் கதவருகே நிற்பதைக் கவனிக்கிறார்கள்.

மயக்க மருந்து விஷயமும் அப்படித்தான். உங்கள் படத்தில் அவள் பாலில் தூக்க மாத்திரையைக் கலக்கிறாள். என் பதினொரு ஆண்டுகளில், டாக்டர் எழுதாத மாத்திரையை அதிகமாகக் கொடுக்கச் சொல்லி என்னிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூவரும் நோயாளியின் சொந்த ரத்தம். 'ராத்திரி கத்தாமல் இருந்தால் போதும்' என்றார்கள். அவர்கள் கண்களில் தூக்கம் இல்லாத சிவப்பு. அவர்களை நான் வெறுக்கவில்லை. ஆனால் கொடுக்கவில்லை. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் சில கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே மருந்து அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. மாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு வீட்டில் எனக்கு வேலை போனது.

நானும் தப்பியவள் அல்ல. ஒரு வீட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகள் தூங்கவில்லை. ஆறாவது இரவு, நான்காவது முறையாகப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தபோது பாட்டி என் முகத்தில் அறைந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடிக்க வேண்டிய அளவைவிட இறுக்கமாக. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. மூன்று விநாடி இருக்கலாம். அவர் முகத்தில் பயம் வந்தது. கையை விட்டுவிட்டு வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். காலையில் மகளிடம் சொன்னேன், மணிக்கட்டையும் காட்டினேன். தடம் இல்லை. எனக்கு இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டேன். 'நீங்களும் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம்' என்றார். அந்த ஆறாவது இரவு உங்கள் படத்துக்குள் எங்குமே இல்லை. உங்கள் வில்லிக்குக் களைப்பே இல்லை. களைப்பு இல்லாத ஒருத்தியை வைத்து இந்த வேலையைப் பற்றிக் கதை சொல்ல முடியாது.

ஓய்வு என்றால் என்ன என்று சட்டம் சொல்லியிருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் எண் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றியது. 2013இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்தவர் வீட்டில் சம்பளத்துக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அதற்குள் வருகிறார்கள். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு. வீட்டோடு தங்குபவருக்கு அந்தரங்கத்தை மதிக்கும் இருப்பிடம். அழைத்தால் எழுந்துவர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமும் ஒப்பந்தமும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாத நாடுகள் ஏராளம். போட்ட நாடுகளிலும் ஒரு படுக்கையறைக்குள் நடப்பதை யார் வந்து பார்ப்பது? உலகில் வீட்டுப் பணியாளர்கள் ஏழரைக் கோடிக்கு மேல், அவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள் என்று அதே அமைப்பு 2021இல் கணக்குச் சொன்னது. உங்கள் சுவரொட்டியில் முதுகைக் காட்டி நிற்பவள் அவர்களில் யாராகவும் இருக்கலாம். முகம் தெரியாததால்தான் அது அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

முதல் பாகத்தின் தொடக்கத்தில் இருக்கும் 'உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்' என்ற அட்டையை, படம் இப்போது ஓடும் எல்லா இடங்களிலிருந்தும் நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால் எந்தச் சம்பவம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தச் சுவரொட்டி வரியையும் எடுத்துவிடுங்கள். அவள் உங்கள் கதையில் ஒரு வீட்டுக்கு வரட்டும். பார்க்கிறவர்களின் வீட்டுக்கு ஏன் அனுப்புகிறீர்கள்? அங்கே ஏற்கெனவே எங்களில் ஒருத்தி தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள்.

இரண்டாம் பாகத்தின் திரைக்கதையைப் படப்பிடிப்புக்கு முன் இந்த வேலையில் பத்து ஆண்டாவது இருந்த இருவரிடமும், மறதி நோய் பார்க்கும் ஒரு டாக்டரிடமும் படிக்கக் கொடுங்கள். கூலி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், சும்மா கேட்காதீர்கள். வில்லியை எடுக்கச் சொல்லவில்லை. வில்லி இருக்கட்டும், அவள் கொல்வதற்கு அவளுக்கே உரிய ஒரு காரணம் இருக்கட்டும். நோயாளியின் திருட்டுப் புகார் நோய்க்குறியாகவும் இருக்கலாம் என்று யாராவது ஒரு பாத்திரம் ஒரே ஒரு முறை சொல்லட்டும். அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

தயாரிப்பாளர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. முதல் பாகத்தைத் தொலைக்காட்சிக்கு விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது ஒளிபரப்பாகும் நாளை எங்களுக்கு முன்கூட்டியே தெரியும்படி அறிவியுங்கள். அன்று கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சமையலறைக்குப் போகாமல் இருக்க, சூடுநீரை முன்பே எடுத்து வைத்துக்கொள்வேன்.

இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். பேசுவதாக இருந்தால் பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றுக்குள் அழையுங்கள்; அம்மா அப்போதுதான் தூங்குவார். மூன்று மணிக்கு அவரைப் புரட்ட வேண்டும், அதனால் பாதிப் பேச்சில் வைத்துவிட்டுப் போவேன்.

இப்படிக்கு,
வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி